ஆடாத பலகையெல்லாம் ஆபத்தில்லாத பலகையா?



விடுமுறை நாட்களில் கடற்கரைக்குச் சென்று வரும் குடும்பங்கள் இன்று பெருகி வருகின்றன. சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்திலும், வளைகுடா நாடுகளில் பணிபுரிவோர் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் துபாய், அபுதாபிக் கரைகளிலும் ஒரு காட்சியை நீங்கள் கண்டிருக்கக்கூடும். ஆளுயரத்தைக் காட்டிலும் நீண்ட ஒரு பலகை நீரில் மிதக்கிறது. அதன்மீது ஒருவர் நிமிர்ந்து நின்று, நீண்ட துடுப்பொன்றால் நீரைத் தள்ளிக்கொண்டு ஓசையின்றி நகர்கிறார். 'பேடில் போர்டு' என்று அதற்குப் பெயர். துடுப்புப் பலகை என்று நாம் அழைக்கலாம்.

"வாப்பா, நானும் ஏறட்டுமா?" என்று பிள்ளை கேட்கும்போது பெற்றோர் மனத்தில் எழும் முதற்கேள்வி, "கவிழ்ந்துவிடாதா?" என்பதுதான். பலகையை வாடகைக்குத் தருபவரோ, விற்பவரோ, "இது அகலமான பலகை, ஆடாது" என்று மறுமொழி கூறுவார். அத்துடன் மனம் சமாதானம் அடைந்துவிடும். அந்த மறுமொழியில் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதியை அறியாமற் போனால் அது உயிருக்கே உலை வைக்கக்கூடும். ஆகவே இம்மாதம் இந்தப் பலகையின் நீள, அகல, கனங்களைச் சற்று நிதானமாக ஆராய்வோம்.

பலகையா, படகா?

மிதக்கும் மரத்தின்மீது ஏறித் துடுப்பு வலிப்பது மனிதனுக்குப் புதிதன்று. நம் சோழமண்டலக் கரை மீனவர்கள், எடை குறைந்த மரத் துண்டுகளைக் கயிற்றால் இறுகக் கட்டி, அலையைக் கடந்து சென்று மீன்பிடித்தனர். 'கட்டுமரம்' என்னும் அந்தத் தமிழ்ச் சொல்லே உருமாறி ஆங்கிலத்தில் புகுந்தது. தென்னமெரிக்காவின் பெரு நாட்டு மீனவர்கள் நாணற்கட்டுகளைக் கொண்டு இதே வேலையைச் செய்தனர்.

இன்று நாம் காணும் விளையாட்டுப் பலகையின் தாயகம் ஹவாய்த் தீவுகள். அங்குள்ள வைக்கீக்கிக் கரையில், அலைச்சறுக்குப் பயிற்றுநர் சிலர், சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே பெரிய அலைப்பலகையின்மீது நின்றபடி துடுப்பு வலித்தனர். 2000ஆம் ஆண்டையொட்டி, லேர்ட் ஹாமில்டன், டேவ் கலாமா முதலிய அலைச்சறுக்கு வீரர்கள் இதற்குப் புத்துயிர் அளித்தனர். பின்னர் உலகெங்கும் பரவிற்று. 2008ஆம் ஆண்டில் அமெரிக்கக் கடலோரக் காவற்படை ஒரு முடிவை அறிவித்தது. நீந்துவதற்கும் அலைச்சறுக்குக்கும் உரிய எல்லையைத் தாண்டிச் செல்லும் துடுப்புப் பலகை, சட்டத்தின் பார்வையில் ஒரு கலமே என்பது அம்முடிவு. கலம் என்றால் உயிர்காப்பு அங்கி இருக்க வேண்டும். கலத்துக்குரிய விதிகளையும் பின்பற்ற வேண்டும்.

இந்த முடிவை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். விளையாட்டுப் பொருளை வாங்குவது போல இதை வாங்கலாகாது. சிறிதானாலும் இது ஒரு கலம். அதில் ஏறுபவர் அதன் மாலுமி.

லிட்டரும் கிலோவும்

முதலில் மிதப்பைப் பார்ப்போம். ஒரு பொருள் எவ்வளவு நீரை விலக்குகிறதோ, அவ்வளவு நீரின் எடைக்குச் சமமான விசை அதை மேலே தாங்கும். ஆர்க்கிமிடீஸ் கண்ட இவ்விதியைப் பள்ளியில் படித்திருக்கிறோம். ஒரு லிட்டர் நன்னீர் ஒரு கிலோ எடையுள்ளது. ஆகையால் பலகையின் கனஅளவு எத்தனை லிட்டரோ, ஏறத்தாழ அத்தனை கிலோவை அது தாங்கும். கடல்நீர் சற்று அடர்ந்ததாதலால் நூற்றுக்கு இரண்டரை பங்கு கூடுதலாகத் தாங்கும்.

180 லிட்டர் கனஅளவும் 12 கிலோ எடையும் கொண்ட ஒரு பலகையை எடுத்துக்கொள்வோம். நன்னீரில் அது தன் எடை போக 168 கிலோவைத் தாங்கி நிற்கும். "அப்படியானால் 80 கிலோ எடையுள்ளவர் இருவர் ஏறலாமே?" என்று கேட்கத் தோன்றும். ஏறலாம், மூழ்காது. ஆனால் பலகை முழுவதும் நீரோடு நீராக அமிழ்ந்து கிடக்கும். ஒவ்வொரு சிற்றலையும் மேலே ஏறி வழியும். பலகை நகரவும் மறுக்கும். தாங்குவது வேறு, தரமாய்த் தாங்குவது வேறு. எனவே பழக்கமில்லாதவருக்குத் தம் எடையைப் போல இரு மடங்கு லிட்டராவது வேண்டும் என்பது பொதுவான கைக்கணக்கு. 75 கிலோ எடையுள்ளவருக்கு 150 லிட்டர். நன்கு பழகியவர்கள் இதிலும் குறைந்த அளவில் சமாளிப்பார்கள்.

இந்தக் கணக்கில் நம் எடை மட்டும் சேராது. உடுத்திய உடை, தண்ணீர்ப் புட்டி, பை, முன்னால் அமர்த்திக்கொள்ளும் குழந்தை ஆகிய அனைத்தும் சேரும்.

அகலத்தின் மாயம்

மிதப்பு போதுமானால் ஆட்டம் நின்றுவிடுமா? நிற்காது. பக்கவாட்டில் ஆடாமல் காப்பது பெரும்பாலும் அகலமே. பலகை ஒரு பக்கம் சாயும்போது, அந்தப் பக்கம் நீரில் ஆழ்கிறது. ஆழ்ந்த பக்கத்தை நீர் மேலே தள்ளுகிறது. மறுபக்கம் நீரைவிட்டு எழும்புகிறது. இந்த இரண்டும் சேர்ந்தே பலகையை மீண்டும் சமநிலைக்குக் கொண்டு வருகின்றன. இதனை நிமிர்த்தும் ஆற்றல் என்போம்.

இந்த ஆற்றல் நீளத்தோடு நேர்விகிதத்தில் கூடுகிறது. அகலத்தோடு அப்படியன்று, அகலத்தை மும்முறை பெருக்கி வரும் விகிதத்தில் கூடுகிறது. 10 அடிப் பலகையை 11 அடியாக்கினால் நிமிர்த்தும் ஆற்றல் நூற்றுக்குப் பத்துப் பங்கு உயரும். 30 அங்குல அகலத்தை 33 அங்குலமாக்கினாலோ, அதே பத்துப் பங்கு கூடுதலுக்கு ஆற்றல் நூற்றுக்கு 33 பங்கு உயர்ந்துவிடும். 28 அங்குலப் பலகையையும் 34 அங்குலப் பலகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கண்ணுக்குப் பெரிய வேறுபாடு தெரியாது; ஆறே அங்குலம். நிமிர்த்தும் ஆற்றலிலோ பின்னது முன்னதைப் போல ஏறத்தாழ 1.8 மடங்கு! விற்பவர் "அகலமான பலகை ஆடாது" என்று சொல்வதில் உள்ள உண்மை இதுதான்.

தந்தைக்கும் மகனுக்கும் ஒரே பலகையா?

நிமிர்த்தும் ஆற்றல் பலகையினுடையது. கவிழ்க்கும் ஆற்றலோ ஏறி நிற்பவருடையது! நம் உடலின் எடை முழுவதும் ஓரிடத்தில் குவிந்திருப்பதாகக் கொண்டால், நிற்கும்போது அந்த இடம் இடுப்பையொட்டி அமையும். உயரம் கூடினால் அதுவும் மேலே போகும். எடையை அந்த உயரத்தால் பெருக்கி வருவதே கவிழ்க்கும் ஆற்றலின் அளவுகோல்.

90 கிலோ எடையும் 180 சென்டிமீட்டர் உயரமும் உள்ள தந்தை. 50 கிலோ எடையும் 150 சென்டிமீட்டர் உயரமும் உள்ள மகன். எடையில் தந்தை 1.8 மடங்கு, உயரத்தில் 1.2 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 2.16. அதாவது ஒரே பலகையில் நிற்கும்போது தந்தையின் கவிழ்க்கும் ஆற்றல் மகனுடையதைப் போல இரு மடங்குக்கும் மேல். ஒரே நீளமும் வடிவமும் உடைய பலகைகளில், 26 அங்குல அகலத்தில் மகன் பெறும் நிதானத்தைத் தந்தை பெறுவதற்கு ஏறத்தாழ 33½ அங்குலம் வேண்டியிருக்கும். தோராயக் கணக்குதான், ஆயினும் உண்மையை உணர்த்தப் போதும். மகன் அநாயாசமாக நின்ற பலகையில் தந்தை தடுமாறி விழுந்தால், அது தந்தையின் திறமைக் குறைவன்று, கணக்கின் விளைவு.

இதே கணக்கு ஒரு நல்ல வழியையும் காட்டுகிறது. தடுமாறும்போது உடனே முழங்காலிட்டு அமர்ந்துவிடுங்கள். எடை மாறாது, அது குவிந்திருக்கும் உயரம் வெகுவாகத் தாழும். அந்த நொடியே பலகை அடங்கிவிடும். ஆகவே எவரானாலும் முதலில் முழங்காலிட்டுத் துடுப்பு வலித்துப் பழகிய பின்னரே எழுந்து நிற்க வேண்டும். நிற்கும்போது பாதங்கள் தோள் அகலத்தில், பலகையின் நடுவே உள்ள கைப்பிடிக்கு இருபுறமும் இருக்கட்டும். முழங்கால் சற்று மடங்கியிருக்கட்டும். பார்வை பாதத்தில் இருக்கலாகாது. தொலைவில் இருக்க வேண்டும்.

கனமும் அடிவடிவும்

"கனத்த பலகை என்றால் நல்லதுதானே?" என்று கேட்பவர் உண்டு. கனம் மிதப்பைக் கூட்டும் என்பது மெய்யே. அதே வேளையில் நிற்பவரை நீர்மட்டத்திலிருந்து மேலே உயர்த்திவிடும். முக்காலியின் மீது நிற்பவரை மேசையின் மீது ஏற்றியது போல! பந்தயப் பலகைகள் பலவற்றில் நிற்கும் இடத்தை மட்டும் தொட்டி போலக் குழித்து வைத்திருப்பதன் காரணம் இதுவே. அகலம் குறைந்த பலகையில், காலை நீர்மட்டத்துக்கு அருகே இறக்கி, இழந்த நிதானத்தில் சிறிதை மீட்டுக்கொள்கிறார்கள்.

அடிப்பகுதியின் வடிவத்தையும் தடவிப் பாருங்கள். தட்டையான அடியும் தடித்த ஓரமும் உள்ள பலகை, ஏறியவுடன் அசையாமல் நிற்பதாகத் தோன்றும். உருண்ட அடியுடைய பலகை, ஏறியவுடன் இலேசாக ஆடும். முதல் அசைவை வைத்து இரண்டாவதை ஒதுக்கிவிட வேண்டாம். தொடக்க நிதானம் ஒன்று. சாய்ந்த பின் தாங்கும் நிதானம் மற்றொன்று. தட்டைப் பலகை ஓர் எல்லை வரை அசையாதிருந்து, எல்லையைக் கடந்ததும் எச்சரிக்கையின்றிக் கவிழ்த்துவிடலாம். பக்கங்கள் தக்கவாறு அமைந்த உருண்ட பலகை, ஆடி ஆடியே முன்னறிவிப்புத் தந்து, சாய்வில் தாங்கி நிற்கும். பழகாதவருக்குத் தட்டை, பழகிய பின் அலையிலும் நெடும்பயணத்திலும் மற்றது.

நீளம் எதற்கு?

நீளம் வேகத்துக்கும் நேர்செலவுக்கும் உரியது. நீண்ட பலகை ஒவ்வொரு துடுப்பு வீச்சுக்கும் வெகுதூரம் வழுக்கிச் செல்லும், நேர்கோட்டில் செல்லும். ஆனால் திருப்புவது கடினம். குறும்பலகை எளிதில் திரும்பும். ஆனால் ஒவ்வொரு வீச்சிலும் மூக்கு இடமும் வலமுமாக அலையும். அலைச்சறுக்குக்கும் சிறுவருக்கும் 10 அடிக்குக் குறைந்தவை. பொதுப் பயன்பாட்டுக்குப் பத்திலிருந்து பதினோரு அடி. நெடும்பயணத்துக்கும் பந்தயத்துக்கும் பன்னிரண்டரை, 14 அடி. இதுவே வழக்கத்தில் உள்ள பகுப்பு. அகலத்தில் பொதுப் பலகைகள் 30 முதல் 34 அங்குலம். நெடும்பயணத்துக்குரியவை 28 முதல் 32. பந்தயப் பலகைகளில் 25 அங்குலத்துக்கும் குறைந்தவை உண்டு. பழகாதவர் அவற்றின்மேல் சில நொடிகூட நிற்பது அரிது.

முன்முனையிலும் இரு வகை உண்டு. கரண்டி போல அகன்று மேல்நோக்கி வளைந்தது அலைமேல் ஏறிச் செல்லும். படகின் முகப்பைப் போலக் கூர்ந்தது நீரைப் பிளந்து செல்லும். பலகையின் அடியில் பின்புறம் மீன்செதில் போல ஒன்று இருக்கும், 'ஃபின்' என்பர். அது பலகை நேராகச் செல்ல உதவுவது. செதில் பெரிதானால் கவிழாது என்று எண்ணுவது தவறு. ஆழங்குறைந்த இடத்தில் அது தரைதட்டினால் பலகை சட்டென நிற்கும். நிற்பவர் முன்னோக்கி விழுவார். ஆகவே முழங்கால் ஆழத்துக்குக் குறைந்த நீரில் எழுந்து நிற்காதீர்கள்.

காற்றடைத்த பலகை

பெருவாரியான குடும்பங்கள் வாங்குவது காற்றடைத்த பலகைதான். மடித்துப் பையில் வைக்கலாம்; அடுக்குமாடி வீட்டில் இடத்தை அடைக்காது; விழுந்தாலும் அடிபடுவது குறைவு. மேலுறையையும் கீழுறையையும் உள்ளே ஆயிரக்கணக்கான நூலிழைகள் பிணைத்திருப்பதால், காற்று நிறைந்ததும் அது உப்பிப் பந்தாகாமல் பலகை போல விறைத்து நிற்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, காற்றழுத்தம். சதுர அங்குலத்துக்கு 12 முதல் 15 பவுண்டு வரை பலவற்றுக்கு வேண்டும். சரியான அளவு பலகையின் மீதே அச்சிடப்பட்டிருக்கும். கையால் அடிக்கும்போது பாதியிலேயே களைப்பு வந்துவிடும். "இது போதும்" என்று விட்டுவிடுவோம். அரைகுறையாகக் காற்றடைத்த பலகை, நிற்பவரின் எடையால் நடுவில் வளைந்து தாழும். முன்னும் பின்னும் தூக்கிக்கொள்ளும். கடையில் சொன்ன நீளமும் அகலமும் அப்போது வெறும் ஏட்டுக்கணக்கே. 6 அங்குலக் கனமுள்ளவை 4 அங்குலக் கனமுள்ளவற்றைவிட விறைப்பாக நிற்பதும், எடை மிகுந்தோருக்கு அவை ஏற்றவையாக இருப்பதும் இதனால்தான்.

இரண்டாவது, வெப்பம். வளைகுடாவில் வாழும் வாசகர்கள் இதைச் சிறப்பாகக் கருத வேண்டும். 25 பாகை வெப்பத்தில் 15 பவுண்டு அழுத்தத்துக்குக் காற்றடைத்த பலகையை வெயில் கொதிக்கும் மணலில் போட்டு, உள்ளே இருக்கும் காற்று 60 பாகைக்குச் சூடேறினால், அழுத்தம் 18 பவுண்டைத் தாண்டிவிடும். ஒட்டுகள் பிரிய இது வழிசெய்யும். கரையேறியதும் நிழலில் வையுங்கள். அல்லது சிறிது காற்றை இறக்கிவிடுங்கள்.

யாருக்கு எது?

சிறுவர்க்குப் பெரியவர் பலகையைக் கொடுப்பதே பாதுகாப்பு என்று பெற்றோர் பலர் எண்ணுகின்றனர். அகலம் மிகுந்தால் சிறுவனின் கை ஓரத்தைத் தாண்டி நீரை எட்டுவதே சிரமம். துடுப்பு செங்குத்தாக இறங்காமல் சாய்ந்து இறங்கும். சாய்ந்த வீச்சு பலகையை முன்னே செலுத்துவதைவிடத் திருப்பவே செய்யும். இரண்டு வீச்சுக்கு ஒருமுறை பக்கம் மாற்றி, களைத்துப் போவான். கவிழாத பலகைதான்; ஆனால் கரைக்குத் திரும்ப முடியாத பலகை! ஆகவே சிறுவருக்கு 8 அல்லது 9 அடி நீளமும், அதற்கேற்ற குறுகிய அகலமும், அவர்கள் உயரத்துக்குக் குறைக்கத்தக்க துடுப்பும் வேண்டும். துடுப்பின் நீளம், ஏறுபவரின் உயரத்தைக் காட்டிலும் 15 முதல் 25 சென்டிமீட்டர் கூடுதலாக இருப்பது பொருத்தம்.

நடுத்தர எடையுள்ள பெண்களுக்கும் ஆண்களுக்கும் பத்தரை அடி நீளம், 31 அல்லது 32 அங்குல அகலம் பொருந்தும். எடை 90 கிலோவைத் தாண்டினால் 11 அடிக்குக் குறையாத நீளமும் 33, 34 அங்குல அகலமும் தேடுங்கள். முன்னால் குழந்தையை அமர்த்திச் செல்வோர் இருவர் எடையையும் கூட்டிக் கனஅளவைக் கணக்கிட வேண்டும். அமர்ந்து தூண்டில் போடவோ, உடற்பயிற்சி செய்யவோ விரும்புவோர்க்கு 34 அங்குலத்துக்கும் மேற்பட்டவை உள்ளன. அவற்றைக் கொண்டு நெடுந்தொலைவு செல்ல நினைப்பது வீண்.

உடையைப் பற்றியும் ஒரு சொல். நீண்டு தளர்ந்த பருத்தி உடை நனைந்தால் நீரை உறிஞ்சிக் கனக்கும், காலைப் பின்னும், விழுந்தவர் மீண்டும் பலகையில் ஏறுவதைத் தடுக்கும். உடல் முழுவதையும் மறைக்கும் நீச்சலுடைகள் இன்று கடைகளில் கிடைக்கின்றன. நீரை உறிஞ்சாத, விரைந்து உலரும் அத்தகைய உடையே நீரில் இறங்கும் பெண்களுக்கு ஏற்றது.

மீதிப் பாதி

இதுவரை கண்டது ஆட்டத்தைப் பற்றிய கணக்கு. விற்பவர் சொல்லாத மீதிப் பாதிக்கு இப்போது வருவோம். துடுப்புப் பலகையிலிருந்து விழுவதால் மட்டுமே பெரும் விபத்து நேர்வதில்லை. விழாமல் நின்றுகொண்டே ஆபத்துக்குள் செல்பவர்களும் உண்டு.

அயர்லாந்தின் மேற்கே கால்வே விரிகுடா உள்ளது. 2020 ஆகஸ்டு 12ஆம் நாள் மாலை, உறவினரான இளம்பெண்கள் இருவர் ஃபர்போ என்னும் கரையிலிருந்து துடுப்புப் பலகைகளில் இறங்கினர். கரையோரமாகச் சிறிது நேரம் உலவி வருவதே நோக்கம். நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசிய வடகாற்று அவர்களை இழுத்துச் சென்றது. எவ்வளவு வலித்தும் திரும்ப முடியவில்லை. இரவு முழுவதும் கடலில் கழிந்தது. 15 மணிநேரம் சென்ற பின்னர், மறுநாள், அரன் தீவுகளில் ஒன்றான இனிஷியர் அருகே மீனவத் தந்தையும் மகனும் அவர்களைக் கண்டு மீட்டனர். அவர்கள் உயிர் தப்பியதற்குக் காரணங்கள் தெளிவானவை. உயிர்காப்பு அங்கி அணிந்திருந்தனர். பலகைகளை ஒன்றோடொன்று பிணைத்துக்கொண்டு, அவற்றை விட்டு அகலாதிருந்தனர். மீனவர்கள் கடலில் இறக்கியிருந்த பொறிக்கூடுகளின் மிதவைக் கயிற்றைப் பற்றிக்கொண்டு, மேலும் அடித்துச் செல்லப்படாமல் தங்களைக் காத்துக்கொண்டனர்.

எண்ணிப் பாருங்கள், வாசகர்களே! பலகை நன்றாகவே மிதந்தது. காற்று மட்டும் எதிர்த்திசையில் வீசியது. நிற்கும் மனித உடலே ஒரு பாய்மரம் அல்லவா? எடை குறைந்து, நீர்மட்டத்துக்கு மேல் உயர்ந்து நிற்கும் காற்றடைத்த பலகை அந்தப் பாய்க்குத் துணைபோகிறது. பழகாதவர் துடுப்பு வலித்துச் செல்லும் வேகம் நிதானமாக நடக்கும் வேகமே. ஓரளவு வலுத்த காற்று அதை வென்றுவிடும். எந்த அகலம் உங்களுக்கு நிதானத்தைத் தந்ததோ, அதே அகலம் எதிர்க்காற்றில் உங்களைத் தாமதப்படுத்தும். ஆடாமையை வேகத்தை விலையாகக் கொடுத்தே வாங்குகிறோம்.

நம் கரைக்கும் இது பொருந்தும். விடியுமுன் நிலத்திலிருந்து கடலுக்குக் காற்று வீசும். பகலில் கடலிலிருந்து நிலத்துக்கு வீசும். நிலக்காற்றில் பாய்விரித்துச் சென்று, கடற்காற்றில் கரை திரும்புவது நம் மீனவர் வழக்கமாக இருந்தது. அவர்களை ஏற்றிச் சென்ற அதே நிலக்காற்று, விவரம் அறியாமல் அதிகாலையில் பலகையோடு இறங்குபவரையும் ஏற்றிச் செல்லும். கரையோரத்தில் அது அலையை அமுக்கி, நீரைக் கண்ணாடி போல வைத்திருக்கும். அந்த அமைதியே ஏமாற்றும். ஆகவே நீரைப் பார்க்குமுன் காற்றைப் பாருங்கள். கரையில் ஒரு கைப்பிடி மணலைத் தூவுங்கள். அது கடலை நோக்கிப் பறந்தால், அன்று பலகையை இறக்காதீர்கள்.

ஆற்றிலும் தடுப்பணைகள் உண்டு. பிரிட்டனைச் சேர்ந்த வேல்ஸ் நாட்டில், ஹேவர்ஃபோர்டுவெஸ்ட் என்னும் ஊரில், 2021 அக்டோபர் 30ஆம் நாள், மழையால் பெருகி ஓடிய ஆற்றில் துடுப்புப் பலகைகளில் சென்ற குழுவொன்று தடுப்பணையில் சிக்கியது. நால்வர் உயிரிழந்தனர். அணையைத் தாண்டி விழும் நீர் கீழே சுழன்று, அகப்பட்டதை வெளியே விடாமல் உருட்டும். அங்கே 30 அங்குலமும் ஒன்றுதான், 36 அங்குலமும் ஒன்றுதான். பெருக்கெடுத்த ஆற்றிலும், தடுப்பணைக்கு மேற்புறத்திலும் எந்தப் பலகையும் எவருக்கும் ஏற்றதன்று.

கட்டுக்கயிறு

பலகையையும் ஆளையும் இணைக்கும் கயிற்றை 'லீஷ்' என்பர். இது இல்லாமல் விழுந்தால், காற்று பலகையை நீந்தி எட்ட முடியாத தூரத்துக்குக் கொண்டுபோய்விடும். கடலிலும் ஏரியிலும் கணுக்காலிலோ முழங்காலுக்குக் கீழோ கட்டிக்கொள்ளலாம். ஓடும் ஆற்றில் அதுவே எமனாகும். கயிறு கல்லிலோ வேரிலோ சிக்கினால், நீரின் இழுப்பில் குனிந்து காலை விடுவிக்க எவராலும் இயலாது. ஆகையால் ஓடும் நீரில், ஒரே இழுப்பில் கழன்றுவிடும் இடுப்புக் கச்சையோடு கூடிய கயிறு மட்டுமே தகும். கயிற்றில் இத்தனை வேறுபாடு உண்டு என்பதைச் சொல்லாமல் பலகையை மட்டும் கையில் கொடுப்பவரிடம் வாடகைக்கு எடுக்காதீர்கள்.

கரையில் கேட்க வேண்டியவை

அடுத்த முறை உங்கள் பிள்ளை பலகையைக் காட்டிக் கேட்கும்போது, உடனே மறுக்கவும் வேண்டாம். உடனே இசையவும் வேண்டாம். வாடகைக்குத் தருபவரிடம் வரிசையாகக் கேளுங்கள். இந்தப் பலகை எத்தனை லிட்டர்? எத்தனை கிலோ வரை ஏற்றலாம்? காற்றழுத்தம் பார்த்தீர்களா? பிள்ளையின் அளவுக்கு உயிர்காப்பு அங்கி உண்டா? கயிறு எங்கே? காற்று இன்று எந்தப் பக்கம்? இறுதிக் கேள்விக்குத் தடுமாறுபவர், முந்தைய கேள்விகளுக்கு எவ்வளவு அழகாக விடை சொல்லியிருந்தாலும் பயனில்லை.

பின்னர் பிள்ளையை இடுப்பளவு நீரில் பலகையில் ஏற்றுங்கள். மூன்று செய்கைகளைச் செய்யச் சொல்லுங்கள். வேண்டுமென்றே விழட்டும். உதவியின்றி மீண்டும் ஏறட்டும். முழங்காலிட்டபடியே காற்றுக்கு எதிராக 50 மீட்டர் வலித்துக் காட்டட்டும். இம்மூன்றையும் செய்ய முடிந்தால் அந்தப் பலகை அவனுக்குரியது. முடியாவிட்டால், அது எவ்வளவு அகலமானதாயினும் அவனுக்குரியதன்று. இன்னும் சில நாள் பழகட்டும். அப்போதும் கரையில் ஒருவர் கண் எடுக்காமல் காத்திருக்க வேண்டும். எங்கே செல்கிறார்கள், எப்போது திரும்புவார்கள் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீர்புகாத உறையில் கைப்பேசி இருக்கட்டும்.

இத்தனைக்கும் பிறகு காற்று மாறி, திரும்ப முடியாமற் போனால் என்ன செய்வது? நிற்பதை விட்டுவிட்டுப் பலகையில் கவிழ்ந்து படுத்து, துடுப்பை நெஞ்சின் கீழ் அழுத்திக்கொண்டு, கைகளால் வலித்து வர வேண்டும். காற்றுக்கு அகப்படும் உடற்பரப்பு குறையும். அதுவும் முடியவில்லையெனில், பலகையின் மேலேயே இருந்து உதவியை அழைக்க வேண்டும். எக்காரணத்தைக் கொண்டும் பலகையை விட்டுவிட்டுக் கரைக்கு நீந்த முயலக் கூடாது. மீட்க வருபவர் கண்ணுக்கு நீரில் ஒரு தலை தெரியாது. 10 அடிப் பலகை தெரியும்.

இந்த இறுதி அறிவுரையைப் பிள்ளை உங்களிடம் திருப்பிச் சொல்லும் வரை துடுப்பை அவன் கையில் கொடுக்காதீர்கள்.